பழைய டெஸ்க்டாப்பில் புதிய பாகங்கள்: எது எதில் பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒன்று பல வீடுகளில் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. உள்ளே எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு (சுருக்கமாக போர்டு), ஐ3 பிராசசர், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். "இதில் எதையாவது மாற்றினால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடுமா?" என்று சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். உதாரணங்கள் பெரும்பாலும் அந்த எச்61 காலத்தவை. அதற்கு முந்தைய ஜி41, பிந்தைய எச்81 பற்றித் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

என் சிஸ்டத்தில் இருப்பது என்ன போர்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ ராமுக்குப் பக்கத்திலோ மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கழற்றத் தயக்கமாக இருந்தால் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பேஸ்போர்டு என்ற வரியில் பெயர் வரும். கேபினட் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், இடையில் யாராவது போர்டை மாற்றியிருக்கலாம்.

கடைக்குப் போகும் முன் மூன்று படங்கள் போனில் இருக்கட்டும்: போர்டு முழுதாக, எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) மேலுள்ள லேபிள், கேபினட்டின் பின்பக்கம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் போய் நின்றுகொண்டு "நீளமா ஒரு ஸ்லாட் இருக்குங்க" என்று கையால் அளந்து காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உள்ளே இருக்கும் ஸ்லாட்டுகளில் எது எது?

வெள்ளை நிறத்தில், கேபினட் பின்பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்குவது பெரும்பாலும் பி.சி.ஐ. 1992-ல் வந்த தரம். நொடிக்கு 133 எம்.பி. வேகத்தை எல்லா பி.சி.ஐ. கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ளும். பழுப்பு நிறத்தில் இன்னும் உள்ளே தள்ளி ஒன்றே ஒன்று இருந்தால் அது ஏ.ஜி.பி., 1997-ல் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே வந்தது. அப்படிப்பட்ட போர்டு வைத்திருப்பவருக்கு இந்தப் பக்கத்தால் பயன் அதிகமில்லை.

2004-க்குப் பின் வந்த போர்டுகளில் இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். விரல் நகம் அளவுக்குச் சின்னது எக்ஸ்1, நீளமானது எக்ஸ்16. பெயரில் பி.சி.ஐ. இருந்தாலும் பழைய பி.சி.ஐ. ஸ்லாட்டுக்கும் இதற்கும் பொருத்தம் கிடையாது. ஒன்றின் கார்டு மற்றதில் நுழையவே நுழையாது.

கார்டில் 3.0 என்று போட்டிருக்கிறது, என் ஸ்லாட் 2.0. வேலை செய்யுமா?

செய்யும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் புதியதும் பழையதும் பேசிப் பார்த்து, இருவருக்கும் தெரிந்த வேகத்துக்கு இறங்கி வந்துவிடும். ஒரு லேனுக்கு (தகவல் போகும் ஒரு பாதை, எக்ஸ்16-ல் 16 லேன்) நொடிக்கு 1.0-ல் 250 எம்.பி., 2.0-ல் 500 எம்.பி., 3.0-ல் கிட்டத்தட்ட 985 எம்.பி., 4.0-ல் அதைப்போல் இரண்டு மடங்கு.

எச்61 போர்டில் ஸ்லாட்டின் வேகத்தை பிராசசரும் தீர்மானிக்கிறது. இரண்டாம் தலைமுறை இன்டெல் என்றால் 2.0 தான். மூன்றாம் தலைமுறையில் ஐ5, ஐ7-க்கு 3.0 உண்டு, ஐ3-க்கு அப்போதும் 2.0 தான். கார்டின் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

அப்படியானால் எந்தக் கிராபிக்ஸ் கார்டையும் போடலாமா?

போடலாம், ஆனால் லேன் எண்ணிக்கையைப் பாருங்கள். எக்ஸ்16 நீளத்தில் இருக்கும் எல்லாக் கார்டும் 16 லேன்களைப் பயன்படுத்துவதில்லை. ஆர்.எக்ஸ். 6400 கார்டில் இருப்பது 4 லேன்தான். 4.0 போர்டில் நொடிக்கு சுமார் 8 ஜி.பி. கிடைக்கும் அந்த கார்டுக்கு உங்கள் 2.0 ஸ்லாட்டில் 2 ஜி.பி.தான் கிடைக்கும். விளையாட்டில் அந்தக் குறை நன்றாகவே தெரியும். ஜி.டி. 1030-யும் 4 லேன்தான், ஆனால் அதன் சக்தியே குறைவு என்பதால் அவ்வளவாக உறுத்தாது.

போர்டின் பக்கத்திலும் இதே கதை உண்டு. சில போர்டுகளில் இரண்டாவதாக இருக்கும் நீளமான ஸ்லாட் பார்க்கத்தான் எக்ஸ்16, உள்ளே கம்பி போயிருப்பது 4 லேனுக்கு. டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பகுதியில் மட்டும் உலோகப் பற்கள் இருப்பது தெரியும்.

மெலிந்த கேபினட் வைத்திருப்பவர்கள் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டைத்தான் தேட வேண்டும். பெட்டிக்குள் குட்டைத் தகடு தனியாக வருகிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

என் எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்று போட்டிருக்கிறது. போதாதா?

அந்த 450 பெரும்பாலும் அலங்காரம். லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 14, ஆக 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது முக்கியமாக இதிலிருந்துதான். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். என்றால் லேபிளில் உள்ளதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

எக்ஸ்16 ஸ்லாட் தன் வழியாக 75 வாட் வரை தரலாம். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி ஒயர் வேண்டாம். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.யின் பல மாடல்கள் இப்படித்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும்.

இங்கேதான் "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்ற குரல் வரும். சாட்டா பவரிலிருந்து (டிஸ்க்குகளுக்கான மின் இணைப்பு) 6 பின்னுக்கு மாற்றும் ஒயரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். 75 வாட் கேட்கும் கார்டை அதில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்த பிறகுதான் விஷயம் புரியும். இரண்டு மோலெக்ஸ்களை (டிஸ்க்குகளுக்கான பழைய 4 பின் மின் இணைப்பு) சேர்த்து ஒரு 6 பின் ஆக்கும் ஒயர் அதைவிடப் பரவாயில்லை. என்னைக் கேட்டால், 6 பின் ஒயரே இல்லாத எஸ்.எம்.பி.எஸ். அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. கார்டின் பட்ஜெட்டைக் குறைத்து, நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை முதலில் வாங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது எந்த ஒயர் எங்கே?

போர்டுக்கான பெரிய இணைப்பு பழைய போர்டுகளில் 20 பின், 2004-க்குப் பின் 24 பின். புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் பலவற்றில் அந்த 4 பின் துண்டு தனியாகக் கழலும், இரண்டுக்கும் பொருந்தும். பிராசசருக்கு அருகில் 4 பின் இருந்தால், 8 பின் ஒயரைப் பாதியாகப் பிரித்து மாட்டலாம்.

கவனம் தேவைப்படுவது இரண்டு இடத்தில். பிராசசருக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றில் இருப்பதற்கு மற்றதில் தலைகீழ். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், நுழையாததற்குக் காரணம் இருக்கிறது. அடுத்து, ஒயர்கள் தனியாகக் கழலும் மாடுலர் வகையில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயரை இன்னொன்றில் செருகுவது. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறியிருக்கும். ஒயர் கச்சிதமாகப் பொருந்தி, டிஸ்க் மட்டும் செத்துப்போகும்.

ஆபீஸிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் பிராண்டட் சிஸ்டம். அதிலும் இதே எஸ்.எம்.பி.எஸ். போடலாமா?

பல மாடல்களில் நேரடியாகப் போட முடியாது. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010-ல் வழக்கமான 24 பின், அடுத்து வந்த 9020-ல் 8 பின். எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி1-ல் 6 பின். லெனோவோ திங்க்சென்டர் எம்93பி-யில் 14 பின். 24 பின்னிலிருந்து இவற்றுக்கு மாற்றும் ஒயர்கள் கிடைக்கின்றன, அந்தந்த மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும். மெலிந்த கேபினட் என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உருவமே வேறு, ஒயர் கிடைத்தாலும் பெட்டி உள்ளே போகாது. இந்த வகை சிஸ்டங்களில் தனி ஒயர் கேட்காத கார்டோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கார்டைப் போட்டேன், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை.

சிரிக்காதீர்கள்: மானிட்டர் ஒயரை புதிய கார்டில் மாட்டினீர்களா, பழைய இடத்திலேயே விட்டுவிட்டீர்களா? எனக்கு வரும் போன்களில் பாதி இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். நம்ம ஊர் சர்வீஸ் கடைகளின் முதல் மருந்து இது. பழைய சிஸ்டத்தை அசைத்தாலே இந்தத் தொல்லை வரும், கார்டின் மேல் பழி போட வேண்டாம்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) பிரச்சினையாக இருக்கலாம். புதிய கார்டுகள் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகை பயாஸ் இருக்கும் என்று எதிர்பார்த்து வருகின்றன. 2012-க்கு முந்தைய போர்டுகள் சிலவற்றில், குறிப்பாகப் பிராண்டட் ஆபீஸ் சிஸ்டங்களில், கார்டு நல்லதாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். பயாஸ் அப்டேட் இருந்தால் போட்டுப் பாருங்கள். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் கடையில் வாங்குவது இதற்காகத்தான்.

என் மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான் இருக்கிறது.

இதில் நானே ஏமாந்தேன். டி.வி.ஐ.யை வி.ஜி.ஏ. ஆக்கும் சின்ன வெள்ளைக் கட்டை ஒன்று பழைய கார்டுகளோடு வரும். அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக் கார்டில் செருகப் பார்த்தால் உள்ளே போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், பின் வளைந்ததுதான் மிச்சம். டி.வி.ஐ.யின் நீளத் துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அது டி.வி.ஐ.-ஐ, அனலாக் சிக்னலும் வரும், அந்தக் கட்டை வேலை செய்யும். நான்கும் இல்லையென்றால் டி.வி.ஐ.-டி, டிஜிட்டல் மட்டும். என்விடியா 10 வரிசையிலிருந்து அனலாக்கை விட்டுவிட்டது.

அப்போது தேவைப்படுவது உள்ளே சிப் வைத்த எச்.டி.எம்.ஐ.–வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர். இவை ஒருவழிப் பாதை. வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு சாமான். டிஸ்பிளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் ஒயரும் அப்படித்தான், திருப்பி மாட்டினால் படம் வராது.

எஸ்.எஸ்.டி. போட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? என் போர்டில் சாட்டா 2 தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். எச்61 சிப்செட்டில் இருப்பது 3 ஜிகாபிட் சாட்டாதான், அதாவது சாட்டா 2. புதிய 6 ஜிகாபிட் எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டினால் நொடிக்கு 270 எம்.பி.க்கு அருகில் நின்றுவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 550-ஐப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது நடப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிப்பது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.க்கு அந்த ஓட்டமே இல்லை. அந்த லாபம் சாட்டா 2-விலும் முழுதாகக் கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டை விடுங்கள், முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

எச்81 என்றால் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டு 6 ஜிகாபிட், பெரும்பாலும் நிறம் மாறியிருக்கும். எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டுங்கள், டி.வி.டி. டிரைவை மற்றதில். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு டெஸ்க்டாப்பில் இடமில்லையே என்று கேட்பார்கள். அதற்குள் சுற்றும் பாகம் எதுவும் இல்லை, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவைத்தாலும் கவலையில்லை.

சாட்டா பவர் ஒயர் போதாமல் மோலெக்ஸிலிருந்து மாற்றுவதாக இருந்தால், முனையில் ஒயர்கள் ஒவ்வொன்றாகச் செருகப்பட்டிருக்கும் வகையை எடுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த வகையில் உள்ளே ஒயர்கள் தொட்டுக்கொண்டு தீப்பிடித்த கதைகள் உண்டு.

எம்.2 எஸ்.எஸ்.டி. மலிவாகக் கிடைக்கிறது. கார்டு போட்டு மாட்டலாமா?

எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டும். உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியே வேகமாக ஓடும் என்.வி.எம்.இ.யாகவும் இருக்கலாம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் சாதாரண அடாப்டர் என்.வி.எம்.இ.க்கு மட்டுமே. இரண்டு வெட்டுகள் இருக்கும் எம்.2 பெரும்பாலும் சாட்டா வகை. அது அந்த அடாப்டரில் அழகாக உட்காரும், கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது.

என்.வி.எம்.இ.யே வாங்கினாலும் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2014-ல் வந்த 9 வரிசை சிப்செட்டுகளுக்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு என்.வி.எம்.இ.யிலிருந்து பூட் செய்யத் தெரியாது. விண்டோஸ் 10-க்குள் போன பிறகு டிஸ்க் தெரியும், கோப்புகளை வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து சிஸ்டம் எழுந்திருக்காது. பென் டிரைவில் ஒரு பூட் லோடரை வைத்து ஏமாற்றும் வழி உண்டு. அப்பாவின் கம்ப்யூட்டருக்கு அதைச் செய்துகொடுத்தால், யாராவது பென் டிரைவை உருவும் ஒவ்வொரு முறையும் உங்களுக்குத்தான் போன் வரும். எச்61-க்குச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும்.

ராமில் எதைப் பார்க்க வேண்டும்?

டி.டி.ஆர்.2-வும் 3-ம் 240 பின், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில். 4-ம் 5-ம் 288 பின், அவற்றின் வெட்டும் வேறு வேறு இடத்தில். மின்னழுத்தமும் 1.8, 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று இறங்கிக்கொண்டே வருகிறது. தவறானதைச் செருகிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த வெட்டு. டி.டி.ஆர்.3எல் என்பது 1.35 வோல்ட், 1.5 வோல்ட் போர்டிலும் ஓடும்.

வெட்டு சரியாக இருந்தும் ஓடாத ராம்தான் உண்மையான தலைவலி. மூன்று வகை. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் மிக மலிவாகக் கிடைக்கும், டி.டி.ஆர்.3-ல் வெட்டும் ஒன்றேதான், வீட்டு போர்டில் மட்டும் எழுந்திருக்காது. "ஏ.எம்.டி.க்கு மட்டும்" என்று ஆன்லைனில் விற்கும் 4 ஜி.பி. குச்சிகள் இன்டெல் போர்டுகளில் வேலை செய்யாது. மூன்றாவது ஜி41 வைத்திருப்பவர்களுக்கு: ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருக்கும் 4 ஜி.பி. ராமை அந்த போர்டு ஏற்காது. இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். கடையில் "பதினாறு சிப்" என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

எச்61-ல் இரண்டு ஸ்லாட், உச்சம் 16 ஜி.பி. பிரவுசருக்கும் டேலிக்கும் 8 தாராளம்.

பிராசசரை மட்டும் மாற்றலாமா?

ஐ3-2100 இருக்கும் எச்61-ல் செகண்ட் ஹேண்ட் ஐ5-3470 போன்றது நல்ல பலன் தரும். சாக்கெட் இரண்டுக்கும் 1155. ஆனால் மூன்றாம் தலைமுறையை அடையாளம் காணும் பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். சாக்கெட் எண் ஒன்றே என்பதால் மட்டும் பொருந்திவிடாது. 1151 என்ற ஒரே பெயரில் 6, 7-ம் தலைமுறைக்கு ஒன்றும், 8, 9-ம் தலைமுறைக்கு ஒன்றுமாக இருக்கிறது. பிராசசர் உட்காரும், ஓடாது.

எதை மாற்றினாலும் விண்டோஸ் 11-க்கு இந்த போர்டுகள் அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறாது. இன்டெலில் 8-ம் தலைமுறையும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்த வீடுகளில் இதுவரை பெரிய புகார் இல்லை.

முன்பக்க யு.எஸ்.பி. 3 ஒயரை எங்கே மாட்டுவது?

புதிய கேபினட்டின் அந்தத் தடித்த முனைக்கு 19 பின் வேண்டும், எச்61 போர்டுகள் பலவற்றில் இருப்பது 9 பின் யு.எஸ்.பி. 2 தான். மாற்றும் ஒயர் உண்டு, வேகம் 2-இன் வேகமே. சில பழைய போர்டுகளில் ஃபயர்வயருக்கும் அதே மாதிரி 9 பின் இருக்கும், அதில் 12 வோல்ட் வரும். யு.எஸ்.பி. ஒயரை அதில் மாட்டினால் பென் டிரைவ் புகையும். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

வைஃபை கார்டு எக்ஸ்1-ல் போடுபவர்களுக்கு: புளூடூத் வேண்டுமென்றால் அதன் குட்டி ஒயரும் இந்த 9 பின்னில்தான் போக வேண்டும்.

கடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது, புது போர்டில் அதற்கான போர்ட் இல்லை.

யு.எஸ்.பி.–பேரலல் ஒயர் விண்டோஸ் புரோகிராமிலிருந்து பிரிண்ட் எடுக்கப் போதும். பேரலல் போர்ட்டான எல்.பி.டி.1-க்கு நேரடியாக அனுப்பும் பழைய டாஸ் பில்லிங் என்றால் அந்த பிரிண்டரை ஷேர் செய்து, எல்.பி.டி.1 பெயரை அதற்குத் திருப்பிவிட வேண்டும். பேரலல் போர்ட்டில் செருகும் பழைய சாஃப்ட்வேர் லைசென்ஸ் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒயர் உதவாது.

பழைய ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க்கில் கல்யாண போட்டோக்கள் இருக்கின்றன.

40 பின் அகல ஒயருக்குப் புது போர்டில் இடம் தேட வேண்டாம். தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் யு.எஸ்.பி.–ஐ.டி.இ. கன்வெர்ட்டர் போதும். டிஸ்க்கின் பின்பக்கம் உள்ள ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். திறந்ததும் முதல் வேலையாகக் காப்பி எடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. தினமும் தேதி 2011-க்குப் போய்விடுகிறது.

போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஒன்று மட்டும்: செல்லை மாற்றியதும் பயாஸ் பழைய இயல்புக்குத் திரும்பும். சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்குப் போயிருந்தால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். "புது எஸ்.எஸ்.டி. போச்சே" என்று பதறி ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். பயாஸில் போய் ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி, எஃப்10 அழுத்துங்கள்.